கூடுதல் அறை: ஒன்று

1

அந்தத் தெருவில் இரவு எட்டரை மணிக்கு வீட்டுக்காரர்கள் எல்லோரும் விருந்தினரிடம் சொல்லிக்கொண்டு மாடிக்குத் தூங்கப் போவார்கள். மாடியில் அறை இல்லை என்பதை யாரும் சொல்லமாட்டார்கள். இதை எவரும் எவருக்கும் கற்றுக்கொடுத்ததில்லை. எந்தத் தாளிலும் எழுதி ஒட்டியதில்லை. ஆயினும் பதினொரு வீடுகளிலும் ஒருநாள்கூட இது தவறியதில்லை.

இக்கதை பிறந்த விதத்தை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். வளரும் நாடொன்றின் பொருளாதார வளர்ச்சியில் சுற்றுலாவின் பங்கு குறித்த தொகுப்பு நூல் ஒன்றுக்குக் கட்டுரை கேட்டிருந்தார்கள். இலக்கியத் திறனாய்வு படிக்கிற எனக்கு அங்கே என்ன வேலை என்று நீங்கள் கேட்கலாம். சுற்றுலாத் துறையின் மொழியை ஆராயும் அத்தியாயம் என் பங்குக்கு வந்தது. அதற்காக அந்தத் தெருவில் ஒரு வீட்டில் மூன்று இரவுகள் தங்கினேன். ஒவ்வோர் இரவும் வீட்டினர் படியேறும் ஓசையும், மேலே ஒரு கதவு சாத்தப்படும் ஓசையும் கேட்டன. மூன்றாம் நாள் காலை, ஈரத்துண்டை உலர்த்த நானும் அந்தப் படிகளில் ஏறினேன். அதன் பிறகு நான் செய்ததை உரிய இடத்தில் சொல்கிறேன். இப்போதே சொன்னால் மேற்கொண்டு எழுத எனக்குத் துணிவு இருக்காது.

2

முதல் தொடக்கம்: "சுற்றுலா, புகை கக்காத தொழில். ஆலைகள் இல்லாத நாடுகளுக்கும் அது..."

அடித்துவிட்டேன். இந்தக் கதையின் பெண் சமையலறையில் தூங்குகிறவள். புகையைப் பற்றி அவளிடம் பேச எனக்கு முகமில்லை.

இரண்டாம் தொடக்கம்: "நான்கு ஆண்டுகளாக அவளும் அவள் கணவனும் ஆண்டில் ஒன்பது மாதங்கள் ஓரிடத்தில் தூங்கியதில்லை. அவள் அடுப்பருகே மகளுடன். அவன் வாசலில் நிற்கும் வேனின் பின்னிருக்கையில், முழங்காலை மடக்கி..."

இதில் பொய் ஒன்றுமில்லை. ஆனால் வாசகரின் இரக்கத்தை வாசலிலேயே நின்று கேட்கிறது. (அவள் அப்படி யாரிடமும் கேட்டவள் அல்லள்.)

மூன்றாம் தொடக்கம், நிலைத்தது:

எட்டரைக்கு மாடிக்கு வந்த தையற்காரி, படிக்கட்டின் உச்சியில் மழை இறங்காமலிருக்கக் கட்டியிருந்த ஆளுயரக் கூண்டின் கதவை, கீழே கேட்கும்படி, ஆனால் அறைந்ததாகத் தோன்றாதபடி சாத்தினாள். அந்த அளவு கைவர அவளுக்கு ஒரு பருவம் முழுதும் ஆகியிருந்தது. மகள் கூண்டின் விளக்கடியில் புத்தகத்தை விரித்துக்கொண்டாள். கணவர், சுற்றுலாப் பயணிகளுக்கு வேன் ஓட்டுபவர், தண்ணீர்த் தொட்டியில் சாய்ந்து நின்றார். அடுத்த மாடியில் மளிகைக்காரரும் அவர் மனைவியும் நின்றிருந்தார்கள். அதற்கடுத்த மாடியிலும், அதற்கும் அப்பாலும், கைப்பிடிச் சுவர்களுக்குப் பின்னே அரையுருவங்களாக ஒரு தெருவே நின்றது. விருந்தினர் அறையில் விளக்கு அணைந்ததும் ஒவ்வொரு குடும்பமாகச் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு இறங்கும், சமையலறையிலும் கூடத்தின் மூலையிலும் பாய் விரிக்கும், விடிவதற்குள் சுருட்டிவிடும்.

"உங்க வீட்ல இன்னைக்கு யாரு?" என்றார் மளிகைக்காரர், தணிந்த குரலில்.

"வயசான புருஷன் பொண்டாட்டி. விளக்க அணைக்கவே மாட்டேங்குறாங்கண்ணே, ரெண்டு பேரும் ஆளுக்கொரு புத்தகத்த வச்சுக்கிட்டு."

"படிக்கிற ஆளுங்க வந்தா நம்ம பாடு திண்டாட்டம்தான். புதுசா கல்யாணம் ஆனதுங்க வந்தா எவ்வளவு நிம்மதி. ஒம்பதுக்குள்ள இறங்கிடலாம்."

"பாப்பா இருக்கா. வாய வச்சுக்கிட்டுச் சும்மா இருக்க மாட்டீங்களா?" என்றாள் அவர் மனைவி.

பாப்பாவுக்குப் பதினேழு வயது. புத்தகத்திலிருந்து தலையை எடுக்காமல் சொன்னாள்: "எட்டு நாப்பதுக்கே இறங்கிடலாம் மாமா. நான் குறிச்சு வச்சிருக்கேன்."

நான்கைந்து மாடிகளில் சிரிப்பை அடக்கும் ஓசை எழுந்தது. அந்தத் தெருவில் எல்லோருக்கும் ஓசையில்லாமல் சிரிக்கத் தெரியும்.

3

இந்த வழக்கம் வந்த கதை சிறியது. வீட்டில் விருந்தினரைத் தங்கவைக்க உரிமம் வேண்டும். உரிமத்துக்கு ஒரு நிபந்தனை: குடும்பம் பயன்படுத்தாத கூடுதல் அறை ஒன்றேனும் இருக்க வேண்டும். கூடம், ஓர் அறை, சமையலறை என்று கட்டப்பட்ட பதினொரு வீடுகளில் எவரிடமும் அது இல்லை. எல்லோரும் தத்தம் படுக்கையறையையே கூடுதல் அறை என்று எழுதிக் கொடுத்தார்கள். வந்து பார்த்த அலுவலர் களைப்பாக இருந்தார். "அப்போ நீங்க எங்க தூங்குவீங்க?" என்று பேச்சுக்குக் கேட்டார். "மாடியில" என்றார் மளிகைக்காரர். அலுவலர் மேலே அண்ணாந்து பார்த்தார், ஏறிப் பார்க்கவில்லை.

(குறிப்பு: விருந்தினர் ஒருவர் செலவிடும் பணம் ஊருக்குள் கைமாறிக் கைமாறிப் பெருகுவதைப் பொருளியலார் பெருக்கு விளைவு என்பர். தையற்காரியின் வீட்டில் அதைக் கண்ணால் காணலாம். பதினொரு வீடுகளுக்கும் தலையணை உறை தைப்பவள் அவளே. தான் படுக்காத கட்டிலுக்கு நீலக் கரை வைத்து அவள் தைத்த உறைகளில்தான் நான் மூன்று இரவுகள் தலை வைத்திருந்தேன்.)

வளர்ச்சி பொய் என்று சொல்ல வந்தவனாக என்னை எண்ணிவிடாதீர்கள். மண்சாலை தார்ச்சாலை ஆனது. வாரம் இருமுறை திறந்த மருந்தகம் நாள்தோறும் திறக்கிறது. பிறர் வேனை ஓட்டியவர் சொந்த வேன் வாங்கினார். பாப்பா கல்லூரிக்குப் போவாளா என்ற கேள்வி, எந்தக் கல்லூரிக்கு என்று மாறியிருக்கிறது. இவற்றையெல்லாம் என் கட்டுரையில் எழுதினேன். அவற்றில் ஒன்றையும் திரும்பப் பெறமாட்டேன். அந்த அறை இல்லாதிருந்தால் இவற்றில் பாதி நடந்திராது என்று தையற்காரியே சொல்வாள். அதனால்தான் அவளைப் பற்றி எழுதுவது கடினமாக இருக்கிறது.

4

அந்தப் பருவத்தின் நடுவில் வேன்காரரின் இடுப்பு பிடித்துக்கொண்டது. ஒரு நாள் காலை, இரவு படுத்திருந்த வேனிலிருந்து இறங்கக் காலைக் கீழே வைத்தவர், அப்படியே கதவைப் பற்றிக்கொண்டு நின்றுவிட்டார். முதுகெலும்புகளுக்கு இடையிலுள்ள தட்டு நகர்ந்திருப்பதாக மருத்துவர் சொன்னார்.

"எங்க தூங்குறீங்க?" என்று மருத்துவர் கேட்டார்.

"மாடியில" என்றார் வேன்காரர். மருத்துவரிடம்கூட.

பலகைக் கட்டிலில் காலை நீட்டி மூன்று வாரம் படுக்க வேண்டும், படியேறவே கூடாது, நகர்ந்த தட்டு நரம்பை அழுத்திவிட்டால் அப்புறம் வேன் ஓட்டுவதை மறந்துவிட வேண்டியதுதான் என்று எச்சரித்து அனுப்பினார். பலகைக் கட்டில் வீட்டில் ஒன்றுதான் இருந்தது. அது கூடுதல் அறையில் இருந்தது. சமையலறையில் காலை நீட்டினால் அவர் பாதம் எரிவாயு உருளையில் இடித்தது. தலையைத் திருப்பிப் படுத்தால் தையல் எந்திரம் தடுத்தது.

விருந்தினரைத் திருப்பி அனுப்பிவிடுவதென்று தையற்காரி முடிவு செய்த அன்றுதான் மளிகைக்காரர் வந்தார். அவர் தெருச் சங்கத்தின் செயலரும்கூட. உள்ளே வந்து, தரையில் ஒருக்களித்துக் கிடந்த வேன்காரரைப் பார்த்து, ஸ்டூலில் உட்காராமல் நின்றார்.

"தங்கச்சி, சொல்லவே சங்கடமா இருக்கு. உரிமம் புதுப்பிக்கிறதுக்கு ஆள் அனுப்புறாங்க. ரெண்டு ராத்திரி தங்கிப் பார்த்து எழுதுவாங்களாம். சீட்டுக் குலுக்கிப் போட்டதுல உன் வீடு வந்திருக்கு."

"இவரு இருக்கிற இருப்பப் பாருங்கண்ணே. வேற வீட்டுக்கு மாத்தச் சொல்லுங்க."

"கேட்டேன். ஏன் மாத்தணும்னு கேட்டாங்க. என்னத்தச் சொல்றது?" அவர் குரலைத் தாழ்த்தினார். "நம்ம வீட்டுக்குத் தூக்கிட்டுப் போகலாம்னா அங்கயும் இதே லட்சணம்தான். எம்பொண்டாட்டி அரிசி மூட்டை மேல தூங்குறா. ரெண்டே ராத்திரி. ஒரு வீட்ல வாய் தவறினா பதினோரு வீட்லயும் அடுப்பு அணைஞ்சிரும்."

தரையிலிருந்து வேன்காரர் பேசினார். "ஏறிடலாம்ணே. பதினேழு படிதானே."

"நீங்க எண்ணி வச்சிருக்கீங்களா?" என்றாள் தையற்காரி.

"நாலு வருஷமா வேற என்ன வேலை எனக்கு?"

5

இரண்டு இரவு தங்கிப் பார்த்து எழுத வரும் இந்த மதிப்பீட்டாளரைப் பற்றித்தான் எனக்கு ஐயம். முதல் வரைவில் அவளுக்கு இறுகிய முகமும் எவர் சொல்லையும் நம்பாத கண்களும் தந்திருந்தேன். அவள் வீட்டுக்குள் நுழைந்ததும் அலமாரிகளைத் திறந்து பார்த்தாள், பாய்களை எண்ணி... நிறுத்திவிட்டேன். அப்படிப்பட்டவளிடம் பொய் சொல்வது எளிது. தையற்காரிக்கு அதில் ஓர் உறுத்தலும் இராது.

ஆகவே இப்போதுள்ளவள் இளையவள், இனிமையானவள். வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு வருகிறாள். தையற்காரியை அக்கா என்கிறாள். தன் பெட்டியைத் தானே தூக்கிக்கொள்கிறாள். தலையணை உறையின் கரையைத் தடவிப் பார்த்து, "நீங்களே தைச்சதா?" என்று கேட்கிறாள். இவளிடம் பொய் சொல்லத்தான் நெஞ்சு கூசும்.

(குறிப்பு: இவள் யாருடைய சாயல் என்பதை வாசகர் ஊகித்திருப்பீர்கள். நானும் வாசலில் செருப்பைக் கழற்றினேன். நானும் அக்கா என்றேன்.)

6

முதல் இரவு எட்டரைக்கு வேன்காரர் எழுந்து நின்றார். சட்டைப் பொத்தான்களைப் போட்டுக்கொண்டார். கூடத்தில் எழுதிக்கொண்டிருந்த மதிப்பீட்டாளரிடம், "அப்போ நாங்க மேல போறோம்மா, நீங்க படுத்துக்கோங்க" என்று சொன்ன குரலில் வலியின் சுவடே இல்லை. தையற்காரி அவருக்குப் பின்னால், தற்செயலாக நடப்பவள்போல, இரு கைகளையும் அவர் இடுப்புக்கு அணைப்பாக வைத்து ஏறினாள்.

ஒன்பதாம் படியில் அவர் நின்றார்.

"என்னங்க?"

"ஒன்னுமில்ல. வழக்கமா இங்கதான் நான் ஒரு கொட்டாவி விடுவேன். பொருத்தமா இருக்கட்டும்னு நின்னேன்."

அவள் சிரிக்கவில்லை. அவர் சட்டையின் முதுகு நனைந்திருந்தது.

மேலே போனதும் அவர் தொட்டியருகே மண்டியிட்டு, பிறகு பக்கவாட்டில் சரிந்து, தரையில் நீண்டுவிட்டார். கீழே விளக்கு அணைந்தது. மற்ற பத்து மாடிகளும் ஒவ்வொன்றாகக் காலியாயின. அவரால் எழ முடியவில்லை. பாப்பாவைச் சமையலறைக்கு அனுப்பிவிட்டு, தையற்காரி பாயை அவர் அடியில் மெல்ல மெல்ல நுழைத்தாள். வெகுநேரம் அடக்கிப் பார்த்துவிட்டு அவர், காலி பெயின்ட் டப்பா ஏதாவது இருக்கிறதா என்று முகத்தைத் திருப்பிக்கொண்டு கேட்டார். இருந்தது. அவள் பிடித்துக்கொண்டாள். முடிந்ததும் அவர் சொன்னார்: "நாளைக்கு நான் ஏறும்போது முன்னாடியே டப்பாவ மேல வச்சிரு."

நாளைக்கும் ஏறுவதாக அவர் சொன்னதுதான் அவளுக்குத் தாங்கவில்லை. அவர் பக்கத்தில் படுத்துக்கொண்டாள். அந்தப் பருவத்தில் அவர்கள் இருவரும் அருகருகே படுத்த முதல் இரவு அது என்பது இருவருக்கும் நினைவு வந்திருக்கும்.

7

இந்த இடத்தில் முடிவுகளை அடுக்கிப் பார்த்தேன்.

ஒன்று: மதிப்பீட்டாளர் தானாகவே உண்மையை அறிகிறாள், மனம் உருகி, மாடியில் அறை கட்ட அரசுக் கடனுக்குப் பரிந்துரைக்கிறாள். பதினொரு மாடிகளிலும் செங்கல் ஏறுகிறது. வேன்காரர் குணமாகி... என் கை நின்றுவிட்டது. அந்த அறையும் வாடகைக்குப் போகாது என்று என்னால் உறுதி கூற முடியவில்லை.

இரண்டு: இரண்டாம் இரவும் அவர் ஏறுகிறார். பன்னிரண்டாம் படியில் கால் மரத்துப்போகிறது. அதை எழுதினேன், நன்றாகவே வந்தது. நன்றாக வந்ததே என்னை வெட்கப்பட வைத்தது. ஒரு மனிதனைப் படியிலிருந்து தள்ளிவிட்டு அதை அவலச்சுவை என்று சொல்லிக்கொள்ளலாமா? கிழித்துவிட்டேன்.

மூன்று: உண்மையில் நடந்தது. ஈரத்துண்டுடன் படியேறிய நான், கூண்டின் கதவைத் திறந்தேன். வெட்டவெளி. ஒரு தொட்டி, ஒரு கொடிக்கயிறு, காயப்போட்ட நீலக்கரை உறைகள், தண்ணீர்த் தொட்டியின் நிழலில் சுருட்டிவைத்த பாய். சிறிது நேரம் நின்றேன். துண்டை உலர்த்தாமலே இறங்கினேன். கீழே தையற்காரி என் கையிலிருந்த துண்டையும் என் முகத்தையும் பார்த்தாள். நான் பார்த்துவிட்டேன் என்பது அவளுக்குத் தெரிந்தது. "டீ போடட்டுங்களா?" என்று கேட்டாள். "போடுங்கக்கா" என்றேன். என் கட்டுரையில் அந்த வீட்டைக் குறித்த வரியில் "கூடுதல் அறை: ஒன்று" என்றே எழுதினேன். அந்தத் தெருவின் விதியை அவர்களைவிடத் திறமையாகக் காத்தவன் நான்.

(அவள் கணவருக்கு இடுப்பு வலி இருந்ததா என்று கேட்காதீர்கள். மூன்று நாள்களில் அவர் நிமிர்ந்து நின்று நான் பார்த்ததில்லை. ஏன் என்று விசாரித்ததுமில்லை.)

ஆகவே மூன்றையும் ஒதுக்குகிறேன். மறுநாள் காலை வரை கதையைக் கொண்டுபோய் வைப்பேன். அதற்கு மேல் தையற்காரியின் பொறுப்பு.

8

காலை ஒன்பது மணி. கூடத்து மேசையில் ரொட்டியும் தேநீரும் இருந்தன. கேள்விகளை முதல் நாளே முடித்துவிடலாம் என்று மதிப்பீட்டாளர் படிவத்தை எடுத்து வைத்திருந்தாள். சங்கச் செயலர் என்ற முறையில் மளிகைக்காரர் சலவைச் சட்டையுடன் வந்து நாற்காலி நுனியில் அமர்ந்திருந்தார். வேன்காரர் இன்னும் மாடியில் இருந்தார். விடியற்காலையில் தாயும் மகளுமாக இறக்கப் பார்த்தார்கள். தோளைத் தூக்கியதுமே அவர் வாயைத் துணியால் பொத்திக்கொண்டார். இப்போது தொட்டியின் நிழல் சுருங்கிக்கொண்டிருக்கும் என்பது தையற்காரிக்குத் தெரியும். ஒன்பதரைக்கு அந்தத் தரையில் கால் வைக்க முடியாது. அவள் மூன்றுமுறை ஏறி இறங்கிவிட்டாள். துணி காயப்போடுவதாகச் சொல்லி, ஒரு போர்வையைக் கொடியில் மறைப்பாகக் கட்டியிருந்தாள். காற்று அதை ஒதுக்கிக்கொண்டே இருந்தது.

"விருந்தினர் வர ஆரம்பிச்ச பிறகு குடும்ப வருமானம் கூடியிருக்கா?"

"கூடியிருக்குங்க."

"பிள்ளைங்க படிப்பு?"

"நல்லாப் படிக்கிறா. காலேஜ் சேக்கப் போறோம்."

மதிப்பீட்டாளர் மகிழ்ச்சியோடு குறித்துக்கொண்டாள். பிறகு சன்னல் வழியாகப் பார்த்தாள். "வேன் நிக்குதே, சார் இன்னைக்கு வேலைக்குப் போகலையா?"

தையற்காரி வாயைத் திறக்குமுன், சமையலறை வாசலிலிருந்து பாப்பா சொன்னாள்: "அப்பா விடியக்காலையிலேயே நடந்து போயிட்டாரு மேடம். டாக்டர் நடக்கச் சொல்லியிருக்காரு, சுகர் வராம இருக்க."

கண் இமைக்கவில்லை. குரல் ஏறவில்லை, இறங்கவில்லை. சுகர் என்பது அந்த நொடியில் அவளாகச் சேர்த்த நகாசு. மளிகைக்காரர் அவளைப் பார்த்துப் பெருமையோடு தலையசைத்தார். தையற்காரி மகளைத் திரும்பிப் பார்த்தாள். தந்தை தலைக்கு மேலே கிடக்க, இந்தப் பெண்ணின் முகம் புதிதாகக் கழுவிய தட்டுபோல் இருந்தது. இதை யார் கற்றுக்கொடுத்தார்கள் என்று அவள் யோசித்தாள். எவரும் கற்றுக்கொடுத்ததில்லை என்று முதல் பத்தியில் எழுதியிருந்தேன். அது பிழை. நான்கு ஆண்டுகளாக, இரவுதோறும் எட்டரைக்கு, அவளேதான் கற்றுக்கொடுத்தாள்.

"கடைசிக் கேள்விதான் அக்கா" என்றாள் மதிப்பீட்டாளர். "கூடுதல் அறை ஒன்னுன்னு போட்டிருக்கு. அதை இதுக்கு முன்னாடி எதுக்காவது பயன்படுத்தினீங்களா?"

"சும்மாதான் பூட்டிக் கிடந்துச்சு" என்றார் மளிகைக்காரர். "எல்லா வீட்லயும் அப்படித்தாங்க."

மதிப்பீட்டாளரின் பேனா கட்டத்தின்மேல் நின்றது. அவள் விடை சொல்ல வேண்டியவளைப் பார்த்தாள்.

இங்கே நான் எழுதி வைத்திருந்த சொற்கள் வேறு. மளிகைக்காரர் சொன்னதை ஆமோதித்து "ஆமாங்க" என்ற ஒரு சொல்லும், பிறகு மாடியைப் பற்றிய ஒரு நீண்ட பத்தியும் இருந்தன. பத்தி அழகாக இருந்தது. தையற்காரி அதற்குக் காத்திருக்கவில்லை.

"அது பூட்டிக் கிடக்கலைங்க" என்றாள். "நானும் அவரும் படுக்கிற ரூம். மேல ரூம் கிடையாது, வெறும் தரை. அவரு ராத்திரியிலருந்து அங்கதான் கிடக்காரு, இடுப்பு அசைக்க முடியாம."

"தங்கச்சி" என்றார் மளிகைக்காரர். அதட்டலாகத் தொடங்கிய அந்தச் சொல் பாதியிலேயே வேறொன்றாகிவிட்டது. பாப்பா வாசற்படியில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

"உங்களத்தாண்ணே, திட்டுறத அப்புறம் திட்டுங்க, நான் எங்கயும் ஓடிப் போகல" என்றாள் தையற்காரி. அவள் அறைக்குள் போய் மதிப்பீட்டாளரின் பெட்டியைத் தூக்கிக் கூடத்து ஓரத்தில் வைத்தாள். கட்டிலின் விரிப்பை உதறிப் போட்டாள். திரும்பி வந்து சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டாள்.

படிவத்தின் கடைசிக் கட்டம் காலியாக இருக்கிறது. அதில் என்ன எழுதினால் பதினொரு வீட்டுக்கும் என்ன ஆகும் என்பது எனக்குத் தெரியாது. தெரிந்தவன்போல ஒருமுறை நிரப்பியிருக்கிறேன், மறுமுறை நிரப்பமாட்டேன். பேனா இப்போது மதிப்பீட்டாளரின் கையில்கூட இல்லை. அந்த நாற்காலியில் உங்களை உட்காரவைத்துவிட்டு நான் விலகிக்கொள்கிறேன்.

"வெயில் ஏறுது மேடம்" என்றாள் தையற்காரி, முதற்படியில் கால் வைத்து. "தோளை அண்ணன் பிடிச்சுக்குவாரு. இடுப்ப நான் தாங்கிக்கிறேன். காலைப் பிடிக்க ஒரு ஆள் வேணும்."